இமை வைத்த பை

"முடியாது" என்ற சொல் டெய்லரக்காவின் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. பல் உடைந்த ஜிப், எலி கடித்த சோபா உறை, நாய் பிடித்து இழுத்த மழைக்கோட்டு என்று எதைக் கொண்டுபோய் நீட்டினாலும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெச்சுட்டுப் போங்க, பார்த்துக்கலாம்" என்பாள். அதை எப்படிச் சரிசெய்வது என்று யோசிப்பதெல்லாம் வந்தவர் தலை மறைந்த பிறகுதான். முதலிலேயே யோசித்தால் பாதி வேலையை நாமே திருப்பி அனுப்பிவிடுவோம் என்பது அவள் கட்சி.

கடை பஸ் நிலையத்துக்கு அடியில், தெருவைக் கடக்கும் சுரங்கப்பாதையில் இருந்தது. கடை என்றால் ஒரு கட்டிலை நீளவாட்டில் போடலாம், அவ்வளவுதான் இடம். அதிலும் பாதி அவள் கணவருடையது. அவர் கடிகாரம் பழுது பார்ப்பவர். ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு குனிந்தால் பக்கத்தில் இடி விழுந்தாலும் நிமிரமாட்டார். அவள் பேசுவாள், அவர் "ம்" கொட்டுவார். தலைக்கு மேலே பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் கூரை லேசாக அதிரும். மேஜைமேல் குண்டூசி டப்பா கிணுகிணுக்கும்.

அந்தக் கடைக்கு வருகிறவர்களில் டெய்லரக்காவோடு பேசாதவர் ஒரே ஒருத்திதான். அவளுடைய நாத்தனார், கணவரின் தங்கை. உறவில் ஒரு கல்யாணத்துக்காக நாத்தனாருக்குப் புது உடுப்பு தைக்க அளவெடுத்தபோது, வீடு நிறைய ஆட்கள் இருப்பதை மறந்து, கடையில் இருக்கிற நினைப்பிலேயே டெய்லரக்கா உரக்கச் சொல்லிவிட்டாள்: "இடுப்பு ரெண்டு விரல் ஏறியிருக்கு. பழைய அளவ மறந்துடு." யாரோ சிரித்தார்கள். நாத்தனார் அளவு நாடாவை உருவி எறிந்துவிட்டு வெளியே போனாள். அன்றோடு நேர்ப்பேச்சு நின்றது. இரண்டு வருஷமாக எல்லாம் அண்ணன் வழியாகத்தான். ஒரே அறையில் மூன்று பேரும் இருந்தாலும், "அண்ணா, உன் பொண்டாட்டிய கொஞ்சம் நகரச் சொல்லு" என்பாள். அவர் "ம்" என்பார். டெய்லரக்கா நகர்ந்துகொள்வாள்.

நாத்தனாருக்கு அலுவலகங்களைச் சுத்தம் செய்யும் வேலை. காலையில் ஓர் இடம், நடுப்பகலில் வேறோர் இடம், சாயங்காலம் மூன்றாவது. வேலைக்கு அனுப்பும் கம்பெனி அவளுக்கு ஒரு தூசி உறிஞ்சும் மெஷினைக் கொடுத்து, எல்லா இடத்துக்கும் அதையே தூக்கிக்கொண்டு போகச் சொல்லியிருந்தது. உருண்டை உடம்பும் நீளத் தும்பிக்கையுமாக இருந்ததால் பஸ் நிறுத்தத்தில் அதற்கு யானைக்குட்டி என்று பெயர். ஒரு கையில் யானைக்குட்டி, மறு கையில் துணிகளும் திரவ பாட்டில்களும் அடைத்த பை. இதுதான் அவளுடைய தினசரி வேஷம்.

அந்த வருஷம் மழை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் பஸ்களில் சில்லறை வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். டிரைவருக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி வைத்தார்கள். கார்டை அதன் அருகே காட்டினால் போதும். பச்சை விளக்கு எரிந்து 'டிங்' என்று சத்தம் வரும், உள்ளே போய்விடலாம். சில்லறை தேடி வழியை மறிக்கிறவர்கள் இல்லை, மீதி கேட்டுத் தகராறு இல்லை. வரிசை வெண்ணெய்போல வழுக்கிக்கொண்டு போனது. எல்லாருக்கும் சந்தோஷம்தான், கார்டை எடுக்க ஒரு கை காலியாக இருக்கிறவர்களுக்கு.

நாத்தனாருக்குக் கை காலியில்லை. அதனால் கார்டை வாயில் கவ்விக்கொண்டு ஏறி, குனிந்து, பெட்டியின்மேல் முகத்தை வைப்பாள். டிரைவர்கள் அவளுக்கு "மெஷினுக்கு முத்தம் குடுக்கற அக்கா" என்று பெயர் வைத்தார்கள். அவளும் விட்டுக்கொடுக்காமல், "உன் மூஞ்சிக்கு அது தேவலாம்" என்று பல்லுக்கிடையிலேயே பதில் சொல்லப் பழகியிருந்தாள்.

ஒருநாள் காலை நல்ல மழை. படியில் ஒரு கால் வைத்திருந்தபோது பின்னால் நின்றவன் குடையால் இடித்துத் தள்ளினான். திட்டாமல் விடுகிற ஜென்மமா அவள்? திரும்பி வாயைத் திறந்தாள். கார்டு விழுந்தது. படிக்கும் நடைமேடைக்கும் இடையிலிருந்த சந்து வழியாக நேரே சாக்கடைக்குள் போய்விட்டது.

"கார்டு இல்லாம ஏத்த முடியாதுக்கா. இறங்கிக்குங்க, பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க" என்றார் டிரைவர். அவர் குரலில் கேலி இல்லை, பாவம் பார்க்கிற தொனிதான் இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

சொட்டச் சொட்ட நனைந்து சுரங்கப்பாதைக்குள் இறங்கி அண்ணன் கடைக்கு வந்தாள். யானைக்குட்டியைத் தரையில் வைத்துவிட்டு, "அண்ணா, என் கார்டு சாக்கடையில போயிடுச்சு" என்றாள். அழுகிற பெண் இல்லை அவள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள்.

வாயில் கவ்விக்கொண்டு போனதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல டெய்லரக்காவுக்கு நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டாள். எழுந்து வந்து நாத்தனாரின் நனைந்த கோட்டைத் தோளிலிருந்து உருவினாள்.

"அண்ணா, என் கோட்டை எதுக்குப் புடுங்கறாங்கன்னு கேளு."

"ம்" என்றார் அவர்.

"காயப்போடத்தான்னு உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க" என்றாள் டெய்லரக்கா. "அப்படியே மேல போய் அவளுக்குப் புதுக் கார்டு ஒண்ணு வாங்கிட்டு வாங்க."

அவர் போனதும் கோட்டை இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி ஈரத்தை ஓட்டினாள். பிறகு அதைத் தானே மாட்டிக்கொண்டு, யானைக்குட்டியை வலது கையில் தூக்கினாள். நல்ல கனம். அதைப் பிடித்தபடி சுவரோடு நின்று, முழங்கையை மட்டும் பக்கவாட்டில் தூக்கி, சுவரில் மோதினாள். பஸ்ஸில் பெட்டி இருக்கிற உயரம் ஏறக்குறைய நெஞ்சு. முழங்கைக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம், துணி சுவரில் பட்ட இடத்தில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டாள். நாத்தனார் முழித்துக்கொண்டு நின்றாள். கேட்கலாம் என்றால் இடையில் அண்ணன் இல்லை.

அவர் கார்டோடு திரும்பி வந்தபோது கோட்டின் கையில் அளவாக ஒரு பை ஏறியிருந்தது. கோட்டின் நிறத்திலேயே துணி, ஓரத்தில் இரட்டைத் தையல். டெய்லரக்கா கார்டை வாங்கி உள்ளே செருகிக் கோட்டை நீட்டினாள்.

"அண்ணா, இது வேலை செய்யுமான்னு கேளு."

"பஸ்ஸுல ஏறினா தெரியும்னு சொல்லுங்க."

அடுத்த பஸ்ஸில் நாத்தனார் இரண்டு கையிலும் சுமையோடு ஏறி, பெட்டியை முழங்கையால் ஓர் இடி இடித்தாள். டிங்.

டிரைவர் அண்ணாந்து பார்த்தார். "ஏங்க்கா, இன்னிக்கு முத்தம் இல்லியா?"

"இனிமே இடிதான்" என்றபடி உள்ளே போனாள்.

அந்த இடி ஒரு வாரத்தில் ஊரெல்லாம் பரவிவிட்டது. எங்கே தைத்தது என்று கேட்டவர்களிடம் நாத்தனார் மறந்தும் அண்ணி பெயரை எடுக்கவில்லை. "எங்க அண்ணன் கடையில" என்றாள். வந்தவர்கள் எல்லாரும் கடிகாரக்காரரிடம் போய்ச் சட்டையைக் கழற்றி நீட்டினார்கள். அவர் நிமிராமலேயே இடுக்கியால் பக்கத்து மேஜையைக் காட்டினார். இடுப்பில் குழந்தையோடு வரும் தாய்க்கு இடது கையில் பை. சுவருக்கு வர்ணம் அடிக்கிறவருக்குத் தோளில். ஏணி தோளிலிருந்து இறங்காது என்பதால் ஏணி இல்லாத தோள். ஆஸ்பத்திரி நர்ஸுக்கு மணிக்கட்டில். வந்தவர்களை எல்லாம் சுமையோடு சுவர் ஓரம் நிறுத்தி இடிக்கச் சொன்னாள் டெய்லரக்கா. சுவரில் ஒரு பக்கம் முழுக்கச் சாக்குக்கட்டிக் கோடுகள்.

அவர்களில் தபால் அலுவலகத்தில் எழுத்தர் ஒருவர். இரண்டு கையிலும் ஊன்றுகோல். வரிசை குறைகிறவரை தள்ளி நின்று, கடைசியில் வந்து மெதுவாகக் கேட்டார், "எனக்கும் ஆகுமாங்க?"

"உங்களுக்குத்தான் முதல்ல ஆகணும், கைய நீட்டுங்க" என்றாள் அவள்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் பஸ் கம்பெனி இன்னொரு வேலை செய்தது. ஏறுகிற கூட்டத்தைப் பிரிக்க நடுக்கதவிலும் ஒரு பெட்டி வைத்தது. டெய்லரக்காவுக்கு இது தெரியாது. அவள் வீடு கடைக்கு நடக்கிற தூரம். பஸ் ஏறியே மாதக்கணக்காகிறது.

முதலில் வந்தவள் நர்ஸ். "அக்கா, ஒரு தடவை ஏறினா ரெண்டு தடவை காசு போகுது" என்றாள். மறுநாள் வர்ணக்காரர், அதற்கடுத்து இன்னும் சிலர். கதை ஒன்றுதான். நடுக்கதவுப் பெட்டிக்குப் பக்கத்திலேயே நிற்கிறவர்கள் பிடித்துக்கொள்ளும் கம்பி. கூட்டத்தில் கம்பியைப் பிடித்தால் சட்டைக் கையோ தோளோ பெட்டியை உரசுகிறது. டிங். அடுத்த குலுக்கலில் மறுபடி டிங். கார்டு பர்ஸுக்குள் இருந்தவர்களுக்கு ஒன்றுமில்லை. டெய்லரக்காவிடம் பை தைத்தவர்களுக்கு மட்டும்தான் இந்தச் சோதனை.

ஒருநாள் மதியம் தடித்த குரல்காரர் ஒருவர் சுரங்கப்பாதை முழுக்கக் கேட்கும்படி கத்தினார். "பையா தெச்சே? என் பாக்கெட்டுல ஓட்டை போட்டிருக்கே! கார்டு கண்ட நேரத்துல காசைக் கக்குது!" சாவி செய்கிறவரும் செய்தித்தாள் கடைக்காரியும் எட்டிப் பார்த்தார்கள். வரிசையில் நின்ற இரண்டு பேர் நைசாக நழுவினார்கள்.

"வெச்சுட்டுப் போங்க, பார்த்துக்க..." என்று தொடங்கினாள் டெய்லரக்கா.

"என்னத்தப் பார்ப்பே?"

வாழ்க்கையில் முதல் தடவையாக டெய்லரக்காவின் வாய் திறந்தபடியே நின்றது.

அப்போதுதான் நாத்தனார் படியிறங்கி வந்தாள். நேரே அந்த ஆளுக்கும் மேஜைக்கும் நடுவில் யானைக்குட்டியைத் 'தொப்'பென்று வைத்தாள். "யோவ், குரலைக் குறை. மெஷினை எங்க வைக்கணும்னு தெரியாம கம்பிக்குப் பக்கத்துல வெச்சவன் ஒருத்தன், திட்டு வாங்கறது இன்னொருத்தரா? எங்க அண்ணி தெச்சதுல ஒரு நூலு பிரிஞ்சிருந்தா காட்டு, நான் கேக்கறேன். காட்டுய்யா!"

அந்த ஆள் சட்டையைப் பார்த்தார். ஒரு நூலும் பிரிந்திருக்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்.

கடிகாரக்காரர் கண்ணிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். 'எங்க அண்ணி' என்ற சொல் அங்கே இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. நாத்தனாருக்கே அது அப்போதுதான் உறைத்தது போலிருக்கிறது. காது சிவந்துவிட்டது. ஆனால் சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்கிற வழக்கம் அவளுக்கும் கிடையாது.

"என்ன பார்க்கறீங்க? செருப்ப மாட்டுங்க" என்றாள் டெய்லரக்காவிடம் நேராகவே. "பஸ்ஸுல ஏறி என்னதான் ஆகுதுன்னு பார்த்துட்டு வருவோம். அண்ணா, யானைக்குட்டியப் பார்த்துக்கோ."

கூட்டமான நேரமாகப் பார்த்து இரண்டு பேரும் ஏறினார்கள். நடுக்கதவுக்குப் பக்கத்தில் நாத்தனார் கம்பியைப் பிடித்தாள். வளைவில் பஸ் சாய்ந்தது, அவள் முழங்கை பெட்டிப் பக்கம் போனது, டிங். "பார்த்தீங்களா அண்ணி, போச்சு" என்றாள். டெய்லரக்கா கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்துக் கம்பிக்கும் பெட்டிக்கும் இடையே பிடித்தாள். ஒரு சாண்கூட இல்லை. பிறகு குனிந்து உயரம் பார்த்தாள், பிடிக்கிறவர்களின் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். டிரைவர் கண்ணாடி வழியே கவனித்துக்கொண்டே இருந்துவிட்டு ஒலிபெருக்கியில் கேட்டார்: "பின்னாடி யாரது, மெஷினுக்குச் சட்டைக்கு அளவெடுக்கறது?"

பஸ் முழுக்கச் சிரித்தது. நாத்தனாரும் சிரித்தாள். டெய்லரக்கா அவளைப் பார்த்து, "உனக்குக் கோபம் போயிடுச்சா?" என்று கேட்டாள்.

"போகல. அது பாட்டுக்கு அது இருக்கட்டும். இதுக்கு என்ன பண்ணப் போறீங்க?"

விடுமுறை நாள் காலையில் மூன்று பேரும் வீட்டுச் சமையலறை மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கடிகாரக்காரர் காலாவதியான ஒரு கார்டைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, கத்தி முனையால் பொறுமையாக உரித்தார். உள்ளே முடி மாதிரி மெல்லிய கம்பி, ஓரத்தை ஒட்டிச் சுற்றிச் சுற்றி ஓடி, ஒரு சின்னப் புள்ளியில் போய் முடிந்தது.

"மெஷின் கிட்ட வந்தா இந்தக் கம்பி முழிச்சுக்கும்" என்றார் அவர். "தகடு எதையாவது மேல ஒட்டி வெச்சா தூங்கிடும்." அவர் கணக்கில் இது நீண்ட சொற்பொழிவு.

டெய்லரக்காவுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. அடுப்படியிலிருந்து அலுமினியத் தாளை எடுத்து வந்து, இடிக்கிற பக்கம் மட்டும் கார்டு முழித்திருக்கட்டும் என்று பைக்கு உள்புறம் வைத்துத் தைத்தாள். பஸ் நிலையத்தில் கார்டில் எவ்வளவு மீதி இருக்கிறது என்று காட்டும் மெஷின் ஒன்று உண்டு. அதன்முன் போய் முழங்கையை வைத்தாள். சத்தமே இல்லை. அழுத்தினாள், தேய்த்தாள், இடித்தாள். "அக்கா, கை வலிக்கப் போகுது" என்றார் பின்னால் நின்றவர். தாள் முதுகுப்பக்கம் இருந்தாலும் கார்டு தூங்கிவிடுகிறது.

வீட்டுக்குத் திரும்பி வந்து கோட்டை மேஜையில் போட்டாள். "நல்லா தூங்க வெச்சுட்டோம். எழுப்பறதுக்குத்தான் வழி இல்ல."

"அப்ப எப்பவும் மூடி வைக்காம, வேணுங்கறப்ப மட்டும் மூடற மாதிரி ஒரு மூடி வைங்க" என்றாள் நாத்தனார். "கண்ணுக்கு இமை இருக்கற மாதிரி."

"மூடியத் திறக்கறது யாரு? உன் கை ரெண்டும்தான் யானைக்குட்டி மேய்க்குதே."

டெய்லரக்கா எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு அடுக்களைக்கும் வாசலுக்குமாக நடந்தாள். கையைத் தொங்கவிட்டாள். தூக்கினாள். மறுபடி தொங்கவிட்டாள். பிறகு சட்டென்று உட்கார்ந்து, பைக்குள் தைத்த அலுமினியத் தாளைப் பிரித்தெடுத்து இரண்டு கெட்டித் துணிக்கு நடுவில் வைத்து ஒட்டி, நாக்கு மாதிரி ஒரு மூடி வெட்டினாள். பையின் மேல் ஓரத்தில், முழங்கைப் பக்கமாக, அதைத் தைத்தாள். தானாகத் தொங்கி மூட வேண்டும் என்பதற்காக நுனியில் கனத்துக்கு ஏதாவது வேண்டும் என்றாள். கடிகாரக்காரர் தன் டப்பாவைக் கிளறி, பழைய கடிகாரத்தின் பித்தளைச் சக்கரம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

நாத்தனார் மாட்டிக்கொண்டு, கதவுச் சட்டத்தைப் பஸ் கம்பியாக நினைத்துப் பிடித்தாள். கை மேலே போனதும் மூடி முழங்கைப் பக்கம் மடிந்து விழுந்து, கார்டு வைத்த பை பளிச்சென்று வெளியே தெரிந்தது. மூட வேண்டிய நேரத்தில் திறந்துகொள்கிறது.

"தலைகீழா வெச்சுட்டீங்க அண்ணி" என்றாள்.

டெய்லரக்கா பார்த்தாள். உண்மைதான். கம்பியைப் பிடிக்கும்போது கை மேலே இருக்கும். அப்போது மூட வேண்டும். சுமையோடு ஏறும்போது கை கீழே தொங்கும். அப்போது திறக்க வேண்டும். மூடி மணிக்கட்டுப் பக்கத்திலிருந்துதான் புறப்பட வேண்டும். தையலைப் பிரித்து, மறுமுனையில் வைத்துத் தைத்தாள். நாத்தனார் மறுபடி கதவைப் பிடித்தாள். சக்கரத்தின் கனத்தில் மூடி வந்து கார்டின்மேல் அமர்ந்தது. யானைக்குட்டியைத் தூக்கினாள்; மூடி மணிக்கட்டுப் பக்கம் சரிந்து திறந்தது. மூடினாள், திறந்தாள், மூடினாள்.

"இப்ப சொல்லு, உனக்கு மூளை எங்கடி இருந்துச்சு இவ்வளவு நாளா?" என்றாள் டெய்லரக்கா.

"நீங்கதான் இடுப்புல தேடினீங்க" என்றாள் நாத்தனார். கடிகாரக்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததை அவர்கள் இரண்டு பேரும் அன்றுதான் பார்த்தார்கள்.

மறுநாள் கடை வாசலில் ஓர் அட்டை தொங்கியது: 'பை தைத்துக்கொண்டவர்கள் வரவும். இமை வைத்துத் தரப்படும். காசு வேண்டாம்.' எதற்கு இலவசமாக என்று கணவர் கேட்டதற்கு, "என் தையல் ஊருக்குள்ள திரியுது. அது கெட்ட பேரோட திரியக்கூடாது" என்றாள். ஆட்கள் வந்தார்கள். தடித்த குரல்காரரும் வந்தார். ஒன்றும் பேசாமல் சட்டையை நீட்டினார். டெய்லரக்காவும் ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டாள். அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர் கணவர் ஒருவர்தான்.

தபால் அலுவலக எழுத்தர் அவசரமாக வந்தார். ஊன்றுகோல் தரையில் டக் டக்கென்று தட்டுகிற சத்தம் படியிலிருந்தே கேட்டது. யாரோ அவரிடம், பைகளை எல்லாம் திரும்ப வாங்குகிறார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"என் பையப் பிரிச்சுடாதீங்க" என்றார் மூச்சு வாங்க. "ரெண்டு தடவை காசு போனாலும் பரவாயில்ல."

"பிரிக்கல சார், மூடி வைக்கறோம். உக்காருங்க."

அவர் உட்கார்ந்து ஊன்றுகோல்களை மடியில் வைத்துக்கொண்டார். "முன்னாடியெல்லாம் ஒரு கோலை அக்குள்ல இடுக்கிட்டு, கார்டைத் தேடி எடுத்து, காட்டி, திரும்ப வெச்சு... அதுவரைக்கும் பஸ்ஸே என்னையத்தான் பார்த்துட்டு இருக்கும். நல்லவங்கதான் எல்லாரும். ஒருத்தர் பிடிப்பாரு, ஒருத்தர் எழுந்து இடம் குடுப்பாரு. இப்ப ஏறறேன், டிங்குங்குது, போறேன். யாரும் என்னைப் பார்க்கறதே இல்ல. அது எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா?"

டெய்லரக்கா தலையைக் குனிந்துகொண்டு ஊசியில் நூல் கோர்க்க முயன்றாள். எப்போதும் ஒரே தடவையில் கோர்த்துவிடுகிறவளுக்கு அன்று நூல் காதில் நுழைய மறுத்தது. நாத்தனார் வாங்கிக் கோர்த்துக் கொடுத்தாள்.

சில நாள் கழித்து மேலே பஸ் நிலைய அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, மேலாளர் கூப்பிடுகிறார் என்று சொல்லிவிட்டுப் போனார். சுரங்கப்பாதைக் கடைகள் எல்லாம் அவர்களுக்குச் சொந்தம். கடிகாரக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. "மெஷின் விவகாரத்துல தலையிட்டோம்னு கடையைக் காலி பண்ணச் சொல்லப்போறாங்க" என்றார்.

"சொன்னா சொல்லட்டும். சொல்றதுக்கு முன்னாடி நான் நாலு வார்த்தை சொல்லுவேன்ல?" என்று புடவைக் கடைக்குப் போகிறவள்போலத் தலையை வாரிக்கொண்டு கிளம்பினாள் டெய்லரக்கா. நாத்தனார் கூடவே போனாள்.

மேலாளர் ஓர் அம்மாள். சளி பிடித்து மூக்கு சிவந்திருந்தது. பக்கத்தில் பெட்டிகளைப் பொருத்திய பொறியாளர். கண்ணியமான ஆள், இவர்களைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார்.

"நடுக்கதவு மெஷினைப் பத்தி தினமும் புகார் வரும். இந்த வாரம் திடீர்னு குறைஞ்சுபோச்சு" என்றார் மேலாளர். "என்னன்னு விசாரிச்சா உங்க கடையைச் சொல்றாங்க."

"கம்பியை விட்டுத் தள்ளி வைக்கணும்னு நானும் போன மாசமே கேட்டிருக்கேன்" என்றார் பொறியாளர். "அதுக்கு வேண்டிய பொருள் வரணும். வந்ததும் எல்லா பஸ்ஸுலயும் மாத்திடுவோம். அதுவரைக்கும் நீங்க எங்கள காப்பாத்தியிருக்கீங்க."

திட்டுக்குத் தயாராக வந்த டெய்லரக்காவுக்கு ஒரு கணம் கை கால் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மேலாளர் தும்மிவிட்டுத் தொடர்ந்தார்: கார்டு விற்கும் கவுண்டருக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போட்டுத் தருகிறோம், கார்டு வாங்குகிறவர்களில் தேவைப்பட்டவர்களுக்கு அங்கேயே தைத்துக் கொடுக்கலாமே?

ஒரு மேஜை என்றதும் டெய்லரக்காவுக்குத் தெளிவு திரும்பிவிட்டது. "மேல எதுக்கும்மா? எனக்குச் சுவரு வேணும், ஆளுங்க சுமையோட நின்னு இடிச்சுப் பார்க்க. ஆளுங்கள கீழ அனுப்புங்க. எங்க பக்கத்துக் கடை பூட்டியே கிடக்கு, அதைத் திறந்து எங்களுக்கு விட்டுடுங்க. முறையா வாடகை குடுத்துடறோம்."

மேலாளர் சிரித்தார். "மேல கேட்டுச் சொல்றேன்."

"கேட்டே சொல்லுங்க மேடம்" என்றாள் நாத்தனார் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு. "எங்களுக்கு அவசரம் இல்ல, இங்கயே உக்காந்திருக்கோம்."

பக்கத்துக் கடை கிடைத்தது. நடுச்சுவரில் ஒரு வாசல் இடித்தார்கள். நாத்தனார் நடுப்பகல் அலுவலகத்தை விட்டுவிட்டு அந்த நேரத்தில் கடைக்கு வரத் தொடங்கினாள். அளவெடுப்பது அவள் பொறுப்பு. பெட்டிகள் சொன்னபடியே கம்பியைவிட்டுத் தள்ளிப் போயின. அதன் பிறகும் இமை வேண்டும் என்றே கேட்டார்கள், பழகிவிட்டது. கொஞ்ச நாளில் சந்தையில் பிளாஸ்டிக் இமை வைத்த மலிவுப் பைகள் தொங்கின. கணவர் கவலையோடு ஒன்றை வாங்கி வந்து காட்டினார். டெய்லரக்கா அதை இழுத்துப் பார்த்துவிட்டு, "விக்கட்டுங்க, எல்லாருக்கும் நான் ஒருத்தியே தெச்சா கை என்னத்துக்கு ஆகறது?" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள். அவளுக்கு அப்போது தலைக்குமேல் ஆர்டர் இருந்தது: தோட்ட வேலைக்காரர்களின் மழைக்கோட்டுகள், நனையாத பையோடு.

அதற்குத் துணி எடுக்க ஒருநாள் பஸ்ஸில் போனாள். அடுத்த நிறுத்தத்தில் ஒரு பெண் ஏறினாள். ஒரு கையில் துணி மூட்டை, மறு கையில் மேஜை விசிறி. முழங்கையால் ஓர் இடி, டிங், உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுடைய பை யாரோ வீட்டில் கையாலேயே தைத்தது. துணி வேறு, நூல் வேறு, கீழ் மூலையில் முடிச்சு விட்டுப்போயிருந்தது. டெய்லரக்கா பார்த்தாள், பார்க்காததுபோல ஜன்னல் பக்கம் திரும்பினாள், மறுபடி பார்த்தாள்.

"தப்பா நினைக்காதீங்க. இந்த மூலை இன்னும் ரெண்டு நாளைக்குத் தாங்காது. கார்டு விழுந்துடும்."

அந்தப் பெண் கையைத் திருப்பிப் பார்த்தாள். "ஐயோ, ஆமா. நானே தெச்சது. டெய்லர்கிட்ட குடுக்க நேரமே இல்லீங்க."

டெய்லரக்கா ஏற்கெனவே கைப்பையிலிருந்து ஊசியை எடுத்து நூல் கோர்த்துக்கொண்டிருந்தாள். "எங்க இறங்கணும் நீங்க?"

"கடைசி ஸ்டாப்."

"அப்ப நேரம் இருக்கு. கைய இப்படி என் மடியில வைங்க. ஆட்டாதீங்க" என்றாள். பஸ் வளைவில் சாய்வதற்கு முன் முதல் தையலைப் போட்டுவிட்டாள்.